கறள் பிடித்த லொறியும் அதன் இரண்டு நிறங்களும்

என் எழுத்துமேசையில் அகராதிகள் இருந்த இடத்தில் கடந்த நான்கு மாதங்களாக ஒரு லொறி நிற்கின்றது. ஒன்றரை அடி நீளமான, இரும்புத் தகட்டினால் ஆன விளையாட்டு லொறி. அதன் சக்கரங்களில் மூன்று தகரம். நான்காவது, தையல் நூல்கட்டையை அறுத்துச் செய்தது. முகப்பிலும் பெட்டியின் அடியிலும் கறள் பிடித்துப் பொருக்கு எழும்பியிருக்கின்றது. அரை நூற்றாண்டுப் பத்திரிகை வாழ்வில் தேர்தல், யுத்தம், வரவு செலவுத் திட்டம் என்று எழுதிக் குவித்தவன் நான். ஒரு விளையாட்டுச் சாமான் பற்றிக் கருத்துக் கூறும் நிலை வருமென்று எண்ணியதில்லை. ஆயினும் இந்த லொறியை என்ன செய்வது என்பதில் மூன்று பேர் மூன்று விதமாக ஆலோசனை கூறுகின்றனர். மூவரும் தத்தம் அளவில் சரியாகவே பேசுகின்றனர். அதுதான் சங்கடம்.

முதலில் லொறியின் கதை.

கேகாலை மாவட்டத்தின் யட்டியாந்தோட்டைப் பக்கத்தில், தேயிலையும் றப்பரும் கலந்து நின்ற தோட்டமொன்றில் என் தகப்பனார் லொறிச் சாரதியாக இருந்தார். கொழுந்தும் றப்பர் தாள்களும் அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் போகும் வீதி அது. ஒரு காலத்தில் அந்த வழியில் களனிப் பள்ளத்தாக்கின் சிறிய ரயில் யட்டியாந்தோட்டை வரை ஓடியது. 1942 இல், நான் பிறப்பதற்கு வெகு முன்னரே, அந்தக் கிளைப்பாதை மூடப்பட்டுவிட்டது. ஆகவே எங்கள் தலைமுறைப் பிள்ளைகளுக்கு உலகத்தோடு தொடர்பு என்றால் அது லொறிதான். ரயிலை நாங்கள் பாட்டிமார் வாயிலாகக் கேள்விப்பட்டோம். லொறியைக் கண்ணால் கண்டோம். அதன் பின்னால் ஓடினோம்.

எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த லயத்தில் என் தோழன் இருந்தான். அவனுடைய தாயார் துரை பங்களாவில் ஆயா. தகப்பனார் இஸ்டோரில் மிசின்களுக்கு எண்ணெய் விட்டுத் துடைக்கும் வேலை. 1961 ஆம் ஆண்டில் துரையின் குடும்பம் சீமைக்குத் திரும்பியபோது, அவர்களுடைய பிள்ளை விட்டுச் சென்ற சாமான்களில் இந்த லொறி ஆயாவுக்குக் கிடைத்தது. அப்போதே அதற்கு ஒரு சக்கரம் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் மீன் டின்னை மடக்கி, பால் டின் மூடியையோ தேய்ந்த றப்பர்ச் செருப்பையோ வட்டமாக வெட்டி லொறி செய்து இழுத்துத் திரிந்த காலம். அந்த நடுவில் உண்மையான சீமை லொறி ஒன்று லயத்துக்குள் வந்திறங்கியது. கதவு திறக்காது, ஆனால் திறக்கக்கூடிய கதவைப் போலவே கோடு அழுத்தியிருப்பார்கள். அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்ப்பதற்கு நாங்கள் வரிசையில் நின்றிருக்கின்றோம்.

1970 இல் தோழனின் குடும்பம் கப்பல் ஏறியது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கையின்படி, நாடற்றவர்களாக இருந்தோரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. மிகுதி 150,000 பேரின் விதி 1974 வரை தள்ளிவைக்கப்பட்டது. அந்தக் கணக்கில் ஒரு குடும்பம் என் தோழனுடையது. பொல்கஹவெலை நிலையத்தில் தலைமன்னார் மெயிலுக்குக் காத்திருந்த இரவில், பெட்டியில் இடமில்லை என்று தகப்பனார் சொல்லிவிட, அவன் லொறியை என் கையில் தந்தான். "வச்சிருடா. வந்து வாங்கிக்கிறேன்" என்றான். எனக்குப் பதினான்கு வயது. வரமாட்டான் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு லொறிக்கு நேர்ந்தவற்றை விரிக்கத் தேவையில்லை. 1977, 1981, 1983 என்று மூன்று ஆண்டுகளைச் சொன்னாலே சப்பிரகமுவத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குப் போதும். 1983 ஜூலையில் என் பெற்றோர் உடுத்த உடுப்போடு வெளியேறியபோது, அயலில் இருந்த சிங்களக் குடும்பத்துப் பெரியவர் எங்கள் தகரப் பெட்டியைத் தமது சிறிய றப்பர்த் தோட்டத்தின் புகைக்கூடத்தில் ஒளித்து வைத்துக் காத்தார். அவர் இப்போது இல்லை. பெட்டி திரும்பி வந்தபோது உள்ளே உறுதிக் கடதாசிகள் பத்திரமாக இருந்தன. லொறிதான் கறள் பிடித்துப் போயிருந்தது. றப்பர்ப் பாலை உறைய வைக்கப் போமிக் அமிலம் ஊற்றுவார்கள். அந்த அமிலக் கலன்கள் பெட்டிக்கு அருகில்தான் இருந்தன. ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் பிரதேசம் வேறு. ஈரமும் அமில ஆவியும் சேர்ந்தால் இரும்பின் கதி அதோகதிதான். இந்தக் கறளின் மீது எனக்குக் கோபம் இல்லாமைக்குக் காரணம் அதுவே. காப்பாற்றப்பட்ட இடத்தில் பிடித்த கறள் இது.

இனி விடயத்துக்கு வருகின்றேன்.

சென்ற ஆண்டு இறுதியில், நீலகிரி மாவட்டத்தில் வாழும் அந்தத் தோழனின் தொலைபேசி இலக்கம் உறவினர் ஒருவர் மூலம் கிடைத்தது. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காக 1968 இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் அவனுடைய பெற்றோர் சேர்ந்திருக்கின்றனர். அவனும் அங்கேயே உழைத்து ஓய்வு பெற்றுவிட்டான். ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின் கதைத்தோம். முதல் பத்து நிமிடம் யார் யார் இறந்தார்கள் என்ற கணக்கு. பிறகு அவன் கேட்டான்: "டேய், அந்த லொறி இருக்கா?"

இருக்கிறது என்றேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அத சரி பண்ணி அனுப்புடா. பேரனுக்குக் குடுக்கணும். நல்லா செகப்பா பெயிண்ட் அடிச்சு அனுப்பு" என்றான்.

மாவனல்லையில் வாகனங்களுக்கு வர்ணம் பூசும் கராஜில் வேலை செய்யும் என் மருமகனிடம் லொறியைக் காட்டினேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் குடுங்க மாமா. மணல் அடிச்சு, பட்டி வச்சு, பிரைமர் போட்டு ஸ்ப்ரே பண்ணித் தாரேன். கடையில வாங்கின மாதிரி இருக்கும்" என்றான். நல்ல தொழிலாளி. சொன்னால் செய்வான். இணையத்தில் இத்தகைய திருத்த வேலைக் காணொளிகளை அவன் நிறையப் பார்த்திருக்கின்றான். கறள் தின்ற பொம்மை வாகனம் ஒன்றைப் பிரித்து, உரித்து, தீட்டி, இறுதியில் கண்ணாடி போல் பளபளக்கக் காட்டுவார்கள். இலட்சக் கணக்கானோர் பார்க்கின்றனர். நானும் இரண்டு மூன்று பார்த்தேன். பார்க்கும்போது மனத்துக்கு ஓர் ஆறுதல் உண்டாவது உண்மை. ஆனால் முடிவில் வந்து நிற்கும் அந்தப் பளபளப்பான பண்டத்துக்கும் தொடக்கத்தில் இருந்ததற்கும் உள்ள உறவு என்ன என்று கேட்டால் பதில் சொல்வது எளிதன்று. சில காணொளிகளில் கறளே வேண்டுமென்று உண்டாக்கியது என்ற குற்றச்சாட்டும் உண்டு. இன்றைய சந்தையில் கறளுக்கும் போலி வந்துவிட்டது.

பிறகு, இலண்டனில் வசிக்கும் பழைய பத்திரிகை நண்பர் ஒருவரிடம் படங்களை அனுப்பினேன். பழைய பொம்மை வாகனங்களைச் சேர்ப்பவர் அவர். மறுநாள் காலை அவரிடமிருந்து வந்த பதிலில் ஒரு சரித்திரமே இருந்தது.

லொறியின் அடித்தகட்டில் மங்கிய முக்கோண முத்திரை ஒன்று தெரிகின்றது. அது 'ட்ரையாங்' என்ற பெயரில் விளையாட்டுச் சாமான்கள் செய்த லைன்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்துடையது. வில்லியம், வோல்டர், ஆர்தர் என்ற மூன்று சகோதரர்கள் 1919 இல் தொடங்கியது. குடும்பப் பெயர் லைன்ஸ். மூன்று லைன்ஸ் சேர்ந்தால் முக்கோணம் என்பது அவர்களுடைய சிலேடை. தெற்கு இலண்டனின் மேர்ட்டன் பகுதியில் மிகப் பெரிய தொழிற்சாலை எழுப்பினார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் பொம்மை செய்வது நின்று, அதே தகடு அழுத்தும் பொறிகளில் ஸ்டென் துப்பாக்கிகள் செய்தார்கள். 1964 இல், டிங்கி வாகனங்களைச் செய்துவந்த லிவர்பூல் மெக்கானோ நிறுவனத்தையும் விலைக்கு வாங்கினார்கள். 1971 இல் எல்லாம் சரிந்து விழுந்தது.

லைன்ஸ் சகோதரர்களின் லொறி லயனுக்குள் வந்து சேர்ந்ததை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். நமது தோட்டத்து 'லயம்' அந்த ஆங்கிலச் சொல்லின் வழிவந்ததுதானே.

டிங்கி, மட்ச்பொக்ஸ் போன்ற வார்ப்பு வாகனங்களை வைத்திருக்கும் வாசகர்கள் கவனிக்க: அவற்றின் உடல் துத்தநாகக் கலப்பு உலோகம், அது கறள் பிடிக்காது. அச்சாணியும் சில அடித்தகடுகளுமே பிடிக்கும். ஆனால் யுத்தத்துக்கு முன் செய்த சிலவற்றில் உலோகக் கலவையில் ஈயம் கலந்துபோனதால் உள்ளிருந்தே வெடித்து உதிரும் நோய் உண்டு; அதற்கு மருந்தில்லை. இரும்புத் தகட்டு வாகனத்துக்கு வரும் நோய் வெளியிலிருந்து வருவது. ஆகவே வைத்தியம் இருக்கின்றது.

நண்பரின் ஆலோசனை இதுதான்: "எதையும் தேய்க்க வேண்டாம். சிவப்புப் பூச்சின் விளிம்பில் பச்சை தெரிகின்றது. அந்தப் பச்சைதான் தொழிற்சாலைப் பூச்சு. மேலே உள்ள சிவப்பைப் பொறுமையாக நீக்கினால் அசல் வெளிப்படும். நூல்கட்டைச் சக்கரத்தைக் கழற்றிவிடுங்கள். அசலைப் போன்ற சக்கரத்தை இங்கே வாங்கி அனுப்புகின்றேன்."

இப்போது என் மேசையில் நிற்கும் லொறியின் வழக்கு வாசகர்களுக்கு விளங்கியிருக்கும். மருமகனுக்கு அது புதிதாக வேண்டும். நண்பருக்குப் பச்சை வேண்டும். தோழனுக்குச் சிவப்பு வேண்டும்.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று தோழனிடம் கேட்டேன். அவன் சொன்ன பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. இஸ்டோரில் தீயணைப்பு வாளிகளுக்குச் சிவப்புப் பூச்சு அடிப்பார்கள். ஒரு தீபாவளிக்கு முன் வாளிகளுக்கு அடித்து மிஞ்சிய பூச்சைச் சிரட்டையில் எடுத்துவந்து, அவனுடைய தகப்பனார் இந்த லொறிக்கு அடித்திருக்கின்றார். நூல்கட்டையை அறுத்து நான்காவது சக்கரம் போட்டதும் அதே இரவில்தான். நூல்கட்டை, பங்களாவில் துணி தைத்து முடிந்ததும் ஆயா கொண்டுவந்தது. "எங்கப்பா எனக்கு வேற எதுவும் வாங்கிக் குடுத்ததில்லடா. அத அவருதான் எனக்கு செஞ்சு குடுத்தாரு" என்றான். செஞ்சு குடுத்தாரு என்ற சொல்லைக் கவனியுங்கள். லைன்ஸ் சகோதரர்கள் செய்த லொறியை அவன் தன் தகப்பனார் செய்ததாகவே அறுபது ஆண்டுகளாக எண்ணியிருக்கின்றான்.

அவன் எண்ணியது பிழை என்று நான் சொல்லமாட்டேன்.

'அசல்' என்ற சொல்லை நாம் மிக எளிதாகப் பயன்படுத்துகின்றோம். தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நொடியில் ஒரு பொருள் எப்படி இருந்ததோ அதுவே அசல். அதற்குப் பின் நடந்ததெல்லாம் அழுக்கு என்பது சேகரிப்போரின் கணக்கு. சந்தையில் இந்தக் கணக்குக்கு விலை இருக்கின்றது. மறுபூச்சு அடித்த வாகனம் மதிப்பு இழக்கும், பெட்டியோடு இருப்பது மதிப்புக் கூடும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கணக்கின்படி இந்த லொறியின் உண்மையான வாழ்வு துரையின் பிள்ளை விளையாடிய சில ஆண்டுகள் மட்டுமே. லயத்தில் அது வாழ்ந்த ஒன்பது ஆண்டுகள் சுரண்டி எறிய வேண்டியவை. பச்சைக்காகச் சிவப்பை நீக்குவதென்றால் அந்த மனிதர் சிரட்டையோடு உட்கார்ந்திருந்த இரவை நீக்குவது என்றே எனக்குப் படுகின்றது.

இதில் நான் தனி ஆளல்லன் என்பது பிறகு தெரிந்தது. 1964 மே மாதம் வெனிஸ் நகரில் கூடிய கட்டடக் கலைஞரும் பாதுகாப்பு வல்லுநரும் பழஞ்சின்னங்களைப் பேணுவது பற்றி ஒரு சாசனம் இயற்றினர். இன்றும் உலகெங்கும் தொல்பொருட் பாதுகாப்புக்கு அது அடிப்படை. அதன் வழிவந்த இகோமோஸ் அமைப்புக்கு நம் நாட்டவரான ரோலண்ட் சில்வா 1990களில் தலைவராக இருந்தார். ஊகம் தொடங்கும் இடத்தில் திருத்த வேலை நின்றுவிட வேண்டும் என்பது அச்சாசனத்தின் ஒரு விதி. ஒரு கட்டடத்தில் பல காலத்தவர் சேர்த்தவை யாவற்றுக்கும் மதிப்புத் தர வேண்டும், ஒரே பாணியில் இருக்க வேண்டும் என்பதற்காகப் பிற்காலத்தவற்றை இடித்தல் ஆகாது என்பது இன்னொன்று. கோயிலுக்கும் கோட்டைக்கும் எழுதியதுதான். ஆனால் தீயணைப்பு வாளிச் சிவப்புக்கும் அது பொருந்தும் என்று வாதிட எனக்குத் தயக்கமில்லை. 1964 என்ற ஆண்டு எத்தனை வேலை செய்திருக்கின்றது பாருங்கள்: வெனிஸில் பழையதைக் காக்கச் சாசனம், இலண்டனில் லைன்ஸ் சகோதரர்களின் பெரும் கொள்வனவு, புதுடில்லியில் ஐந்து இலட்சம் மனிதர்களை இடம் மாற்றும் ஒப்பந்தம்.

தோட்டப்புறத்தில் திருத்த வேலை என்றால் இன்று பெரும்பாலும் பங்களாக்களையே குறிக்கின்றது. துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் மினுக்கித் துடைக்கப்பட்டுச் சுற்றுலா விடுதிகளாகின்றன. பித்தளைக் கைப்பிடி பளபளக்கின்றது. சுவரில் பழைய படம் தொங்குகின்றது. படத்தில் துரையும் குதிரையும் தெளிவு, பின்னால் நிற்போர் மங்கல். கண்டி ஹந்தானையில் 2001 இல் திறந்த தேயிலை நூதனசாலையில் பழைய உருளைப் பொறிகளைக் காணலாம். அவசியம் காண வேண்டியவைதான். அப்பொறிகளுக்கு எண்ணெய் விட்டவனின் வீட்டுச் சாமான் எங்கே என்று தேடினால், கம்பளைப் பக்கத்தில் 2007 இல் பழைய லயம் ஒன்றிலேயே அமைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் நூதனசாலைக்குத்தான் போக வேண்டும். அங்கே கூடை, கவ்வாத்துக் கத்தி, அம்மி, தகரப் பெட்டி என்று எல்லாம் கைப்பட்டுத் தேய்ந்த நிலையிலேயே இருக்கின்றன. போனவர்கள் அறிவார்கள்.

லயங்களைப் பற்றி நான் ஏக்கத்தோடு பேசுகின்றேன் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அவை போக வேண்டும். போய்த் தீர வேண்டும். 2016 மே 17 ஆம் திகதி அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாளில், நமது மாவட்டத்தின் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயமொன்று மண்ணுக்குள் போனதை மறந்தவர்கள்தான் லயத்தை அழகு என்பார்கள். மனிதனுக்குக் காணியும் உறுதியான வீடும் வேண்டும். பேண வேண்டியது அவன் கைபட்ட பொருளை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். என்ன செய்தேன் என்பதைச் சொன்னால் பரணில் பழைய தகரச் சாமான் வைத்திருக்கும் எவருக்கேனும் உதவும்.

முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுத்தேன். பின்னர், உதிரும் பொருக்கை மட்டும் மெல்லிய பித்தளைத் தூரிகையால் நீக்கினேன். கடதாசி போட்டுத் தேய்க்கவில்லை. தேய்த்தால் சிவப்பும் போகும், பச்சையும் போகும். எலுமிச்சம் புளி கறளைக் கரைக்கும் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த செய்தி. ஆனால் கழுவி உலர்த்துவதற்குள் புதுக்கறள் பிடிக்கும், பூச்சின் விளிம்பையும் உயர்த்திவிடும். வாகனக் காரர் செய்வதுபோலச் சலவைச் சோடாக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் கறள் அழகாகக் கழன்றுவிடும். கூடவே பழைய பூச்சும் தோலாக உரிந்துவிடும். அதனால் அதையும் விட்டேன்.

எனக்குக் கை கொடுத்தது தேநீர்தான். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. தேயிலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கருநீலக் கறுப்பாகும். முன்னோர் கடுக்காயோடு இரும்புச் சத்துச் சேர்த்து எழுத்து மை செய்தது இந்த நியாயத்தில்தான். தொழில் முறையில் கறளை அடக்க விற்கும் திரவங்கள் பலவற்றில் இருப்பதும் தனிக் அமிலம் என்ற துவர்ப்புப் பொருளே. அது தளர்ந்த சிவப்புக் கறளை நிலையான கறுப்புப் படையாக மாற்றும். தேநீர் அத்தனை வலியது அன்று. ஆகவே சாயத்தை நன்றாகச் சுண்டக் காய்ச்சி, பூச்சில்லாத வெறும் கறள் உள்ள இடங்களில் மட்டும் பஞ்சால் ஒற்றி, உலரவிட்டு, மறுபடியும் ஒற்றினேன். பதினொரு நாள். ஆறாம் நாளில் பெட்டியின் அடி கறுக்கத் தொடங்கியது. மனைவி அந்தச் சாயக் கோப்பையைத் தவறுதலாக எடுத்து ஒரு வாய் குடித்ததையும் வரலாற்றுக்காகப் பதிவு செய்கின்றேன்.

அதன் மேல் தேன்மெழுகு மெல்லியதாகப் பூசினேன். அச்சாணிகளுக்கு எண்ணெய் விடவில்லை. எண்ணெய் தூசியைச் சேர்க்கும். நமது மாவட்டத்திலேயே போகலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் பென்சிற்கரி தோண்டுகின்றார்கள். உலகின் மிகத் தூய பென்சிற்கரிகளில் ஒன்று. அதில் ஒரு சிட்டிகைத் தூளை அச்சில் தூவியதும் மூன்று தகரச் சக்கரமும் சுழன்றன. நூல்கட்டைச் சக்கரம் சற்றே கோணல். ஆகவே லொறி ஓடும்போது ஒரு பக்கம் ஏறி இறங்கும். அப்படித்தான் அது எப்போதும் ஓடியது. எனக்கு அந்த நடை நினைவிருக்கின்றது.

இந்த இடத்தில் நான் வென்றுவிட்டதாகவே நினைத்தேன். மருமகன்தான் ஒரே கேள்வியில் கவிழ்த்தான்.

"மாமா, அந்தக் காலத்துப் பெயிண்ட்ல ஈயம் இருக்குமே. சின்னப் பிள்ளைக்கா குடுக்கப் போறீங்க?"

நியாயமான கேள்வி. அக்காலத்து மினுக்குப் பூச்சுகளில், சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களிலே குறிப்பாக, ஈயம் சேர்ப்பது வழக்கம். அமெரிக்கா விளையாட்டுச் சாமான்களில் ஈயப் பூச்சைத் தடை செய்தது 1978 இல்தான். அதன் பின்னரும் 2007 இல் உலகின் மிகப் பெரிய பொம்மை நிறுவனங்களில் ஒன்றான மட்டெல், ஈயப் பூச்சு காரணமாக இலட்சக் கணக்கான பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. அவற்றில் சிறிய வார்ப்பு வாகனம் ஒன்றும் இருந்தது. ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. பரிசோதிக்கும் சாதனம் கடையில் கிடைக்கின்றது. ஈயம் இருந்தால் அது சிவப்பாகும். சிவப்புப் பூச்சில் அந்தச் சிவப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை அதைச் செய்தவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆகவே இருக்கின்றது என்றே கொள்வது புத்தி. நான் உலர்ந்த பூச்சைத் தேய்க்காமல் விட்டதும் முகமூடி அணிந்து வேலை செய்ததும் அதனால்தான். ஆனால் தோழனின் பேரனுக்கு வயது நான்கு. கையில் கிடைப்பது வாய்க்குப் போகும் வயது.

பச்சை வேண்டும் என்ற நண்பருக்குப் பதில் சொல்ல என்னிடம் வெனிஸ் சாசனம் இருந்தது. பிள்ளைக்கு நஞ்சு வேண்டாம் என்ற மருமகனுக்குப் பதில் சொல்ல எதுவும் இல்லை. மணல் அடித்து உரித்துப் புதுப்பூச்சு அடித்தால் பிள்ளை விளையாடலாம்; சிரட்டைச் சிவப்பு போய்விடும். அப்படியே வைத்தால் சிவப்பு இருக்கும், பிள்ளை தொடக்கூடாது. பிள்ளை தொடாத பொம்மை பொம்மையா என்ற கேள்வியை இரண்டு வாரம் சுமந்துகொண்டு திரிந்தேன். பேணுதல் என்று பெரிய பேச்சுப் பேசுவோர் அந்தப் பொருளை யாருக்காகப் பேணுகின்றோம் என்று சில வேளை மறந்துவிடுகின்றோம். நானும் மறந்திருந்தேன்.

தீர்வை நான் காணவில்லை. மருமகனே கண்டான். கராஜில் மிஞ்சிய தகட்டை லொறியின் அளவுக்கு அளந்து வெட்டினான். கதவுக் கோட்டைக்கூட உளி வைத்துத் தட்டி எடுத்தான். ஈயம் கலவாத பூச்சாகப் பார்த்து வாங்கினான். இரண்டு நாள் கேட்டவன் இரண்டு மாதம் எடுத்தான். இப்போது என் மேசையில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு லொறிகள் நிற்கின்றன. ஒன்று பளபளக்கும் சிவப்பு, நான்கு சக்கரமும் வட்டம், விளிம்பெல்லாம் மடித்துக் கையைக் கிழிக்காமல் செய்தது. மற்றது கறுத்து, மெழுகு பூசி, சிவப்பும் பச்சையுமாக, கோணல் சக்கரத்தோடு. பழையதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அனுப்புகின்றேன், பெரியவனுக்கு. புதியதைச் சும்மா கடதாசியில் சுற்றி, சின்னவனுக்கு.

இலண்டன் நண்பர் இதைக் கேட்டு மனம் நொந்துதான் போனார். பச்சையின் ஓரம் இரண்டு விரலளவாவது திறந்து காட்டியிருக்கலாம் என்றார். அது முன்பே உதிர்ந்து தெரிகின்றது என்றேன். "அதுவும் சரிதான்" என்று எழுதினார். ஆனால் அவர் ஒப்புக்கொண்டதாக நான் நினைக்கவில்லை.

வீடியோ அழைப்பில் தோழனுக்கு இரண்டையும் காட்டினேன். புதியதை அவன் கவனிக்கவேயில்லை. பழையதைத் தரையில் வைத்து உருட்டச் சொன்னான். உருட்டினேன். அது வலப்பக்கம் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போனது. "அதே சத்தம்டா" என்றான். நூல்கட்டை சீமெந்துத் தரையில் தட்டும் சத்தத்தை நான் அதுவரை கவனித்திருக்கவில்லை.

பொதியைத் தபாலில் சேர்க்கச் சென்ற வாரம் போனேன். உள்ளே இருப்பது என்ன, பெறுமதி என்ன என்று படிவத்தில் எழுத வேண்டும். 'பழைய விளையாட்டு லொறி, பெறுமதி இல்லை' என்று எழுதினேன். பெறுமதி இல்லை என்று எழுத முடியாது ஐயா, ஏதாவது ஒரு தொகை போடுங்கள் என்றார் அங்கிருந்த பெண்பிள்ளை. யோசித்துவிட்டு, படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த மாதம் உறவினர் ஒருவர் கோயமுத்தூருக்குப் போகின்றார். கையில் கொடுத்துவிட உத்தேசம்.